விவாத இழை: கிறிஸ்தவக் கல்லூரி என்பதற்கு இன்று என்ன பொருள்?

4 ஜூன் 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

என் மகளைக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் பட்டப்படிப்பில் சேர்க்கப் போயிருந்தேன். விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்றிதழ், சேகர (உள்ளூர்ச் சபை) குருவானவரின் கடிதம், சபைச் சந்தா கட்டிய ரசீது ஆகிய மூன்றையும் கேட்டார்கள், கொடுத்தேன். அதன்பிறகு உள்ளறைக்கு அழைத்துக் கட்டட நிதி என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். அதற்கு மட்டும் ரசீது கிடையாதாம். அந்த அறையின் சுவரில் சத்தியத்தைப் பற்றிய வேதவசனம் ஒன்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டால் இந்தக் கல்லூரிக்கும், புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு தொழிலதிபர் நடத்தும் கல்லூரிக்கும் என்ன வேறுபாடு என்று கல்லூரியில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

4 ஜூன், இரவு

தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் 1981 முதல் 2014 வரை வணிகவியல் கற்பித்தவன் நான். வேறுபாடு இருக்கிறது என்பது என் கட்சி.

வில்லியம் மில்லர் 1862இல் ஸ்காட்லாந்திலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தபோது, ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய மிஷன் பள்ளிதான் அவர் கையில் கொடுக்கப்பட்டது. அதைக் கல்லூரியாக வளர்த்து, 1877இல் மற்ற மிஷன்களையும் சேர்த்துக்கொண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயரிட்டு, 1907 வரை அவரே நடத்தினார். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று அவருடைய சொந்த நாட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கல்லூரியின் வேலை தலைகளை எண்ணுவதன்று, ஒரு சமூகத்தின் சிந்தனையில் மெல்ல ஊறுவது என்று அவர் வாதாடினார்; அதற்காகச் சொந்தச் சபையிலேயே திட்டும் வாங்கினார்.

அந்தக் கல்லூரியில்தான், வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்று மிஷனரிகள் சொல்லிவந்த குற்றச்சாட்டுக்கு மறுப்பாக எஸ். இராதாகிருஷ்ணன் என்ற மாணவர் 1908இல் ஒரு ஆய்வேட்டை எழுதினார். அவருடைய பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் ஒரு மிஷனரி. தம் தரப்பை மறுத்து எழுதிய மாணவனைப் பாராட்டிச் சான்றிதழும் எழுதிக்கொடுத்தார் அவர். என் கணக்கில் கிறிஸ்தவக் கல்லூரி என்பது அந்தச் சான்றிதழ்தான்.

5 ஜூன்

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். அவர் கேட்டது ரசீது இல்லாத பணத்தைப் பற்றி. நான் சொன்னது 115 ஆண்டுகளுக்கு முந்தைய பெருமையைப் பற்றி. வகுப்பில் ஒரு மாணவன் இப்படி விடை எழுதியிருந்தால் கேள்வியை மீண்டும் படி என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆகவே இரண்டாம் முறை. எங்கள் கல்லூரிகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது முதலில் ஒரு சட்டப் பிரிவு. அரசியலமைப்பின் 30ஆம் பிரிவின்படி சிறுபான்மையினர் தாம் விரும்பிய கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கலாம். அது எப்படிக் கிடைத்தது என்பது எங்கள் மக்களுக்கே மறந்துவிட்டது. 1948 வரைவில் சென்னை, பம்பாய் மாகாணங்களில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குச் சட்டமன்றத் தனி இடங்கள் எழுதப்பட்டிருந்தன. அவற்றை வேண்டாம் என்று சொன்னவர்களில் முதன்மையானவர் ஹரேந்திர குமார் முகர்ஜி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த வங்காளக் கிறிஸ்தவர். அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர். சிறுபான்மையினருக்கான தனி இடங்களைக் கைவிடும் தீர்மானத்தை 1949 மே மாதம் ஆலோசனைக் குழுவில் அவர்தான் கொண்டுவந்தார். சென்னையிலிருந்து போயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அதே நிலையை எடுத்தார். அவர் லொயோலாக் கல்லூரியில் பொறுப்பு வகித்தவர்.

இரண்டு கல்வியாளர்கள் சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்துக் கல்லூரி நடத்தும் உரிமையைப் பெற்றுத் தந்தார்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் உள்ளறையில் கட்டட நிதி வாங்குகிறோம்.

6 ஜூன்

திருத்தம். விட்டுக்கொடுத்துப் பெற்றுத் தந்தார்கள் என்று நான் எழுதியது பண்டமாற்றுப் போலத் தொனிக்கிறது. காலவரிசை அப்படியில்லை. இப்போதைய 29, 30ஆம் பிரிவுகளாக உள்ள பகுதி அப்போது வரைவின் 23ஆம் பிரிவு. அது சபையில் விவாதிக்கப்பட்டது 1948 டிசம்பரில். தனி இடங்கள் கைவிடப்பட்டது அதற்கு ஐந்து மாதம் கழித்து. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கவில்லை. கல்வி உரிமை கையில் வந்த பிறகு, கேட்காமலேயே மற்றதை விட்டார்கள். பிரிவு 30 கிறிஸ்தவர்களுக்கு மட்டுமானதும் அன்று. மதச் சிறுபான்மையினர், மொழிச் சிறுபான்மையினர் எல்லோருக்கும் உரியது.

7 ஜூன்

ஒரு நண்பர், நிர்வாகம் எங்கள் உரிமை, அரசோ பத்திரிகைகளோ அதில் தலையிட முடியாது என்று எழுதியிருக்கிறார். இந்த வாதத்தை ஆசிரியர் குழுக் கூட்டங்களில் முப்பது ஆண்டுகள் கேட்டுக் காது புளித்துவிட்டது. நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில் 1974இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

8 ஜூன்

1974 அன்று, 1958. கேரளக் கல்வி மசோதா குறித்துக் குடியரசுத் தலைவர் கேட்ட கருத்துரையில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் சொன்னது அது. வழக்கறிஞர் ஒருவர் சுட்டிக்காட்டினார். 1974 வழக்கு நிர்வாகங்களுக்குச் சாதகமாக முடிந்த வழக்கு என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார்; அந்தப் பகுதியை நான் வசதியாக மறந்திருந்தேன்.

11 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இழையைத் தொடங்கிய சகோதரர் பணம் கொடுத்தவர். வாங்கிய பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

2006இல் எங்கள் துறையில் அரசு உதவி பெறும் விரிவுரையாளர் பணியிடம் ஒன்று காலியாயிற்று. 14 பேர் நேர்காணலுக்கு வந்தார்கள். சிற்றாலயத்தின் பக்கத் தாழ்வாரத்தில் ஆராதனை பெஞ்சுகளைப் போட்டு அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே தாளாளர், முதல்வர், வெளியிலிருந்து வந்த இரண்டு வல்லுநர்கள், துறைத் தலைவர் என்ற முறையில் நான். ஜெபத்தோடு தொடங்கினோம். தேவன் தெரிந்துகொண்ட பாத்திரத்தை எங்கள் கண்ணுக்குக் காட்டியருள வேண்டும் என்று தாளாளர் வேண்டினார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, அலுவலக உதவியாளர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு மதிப்பெண் தாளையும், புதிதாகச் சீவிய ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டிருந்தார். நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். "பென்சில்லயே போடுங்க சார், கூட்டல்ல பிழை வந்தா அழிக்கச் சௌகரியமா இருக்கும்" என்றார் முதல்வர். பேரேட்டில் பென்சிலால் எழுதக் கூடாது, அழிக்கக் கூடாது, தவறு நேர்ந்தால் கோடு போட்டு மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தேன்.

ஏழாவதாக வந்த பெண்ணிடம், விற்பனைக்கும் சரக்கு அனுப்பீட்டுக்கும் வேறுபாடு கேட்டேன். பாடநூலில் ஏழு வேறுபாடுகள் அட்டவணையாக இருக்கும். மற்றவர்கள் அதைத்தான் ஒப்பித்தார்கள். அவர் தம் தாயார் கருப்பட்டியை உடன்குடிக் கடையில் விலை பேசிக் கொடுத்துவிட்டு வருவதற்கும், விற்றுத் தாருங்கள் என்று வைத்துவிட்டு வருவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னார். மழையில் கருப்பட்டி இளகிப்போனால் முதல் வகையில் நட்டம் கடைக்காரருக்கு, இரண்டாம் வகையில் அம்மாவுக்கு என்றார். நான் இருபதுக்குப் பதினெட்டுப் போட்டேன்.

பத்து நாள் கழித்துத் தட்டச்சு செய்த நடவடிக்கைக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. என் பெயருக்கு நேரே அந்தப் பெண்ணுக்குப் பதினொன்று என்றும், நான் ஒன்பது போட்ட ஒருவருக்குப் பதினேழு என்றும் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பணம் கைமாறியதா என்பது எனக்குத் தெரியாது.

12 ஜூன்

தெரியாது என்று நேற்று எழுதியது பொய். தெரியும்.

குறிப்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, தேர்வானவரின் தகப்பனார் இனிப்புப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எங்கள் சேகரத்தில் பாடகர் குழுவில் இருந்தவர். காப்பி குடித்து முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சாருக்குத் தனியாச் செய்யணுமா, இல்ல அதுலயே அடக்கமா?" என்று கேட்டார். அவர் குரலில் வெட்கமே இல்லை; பேருந்துக் கட்டணத்தில் சுமைக் கூலி சேர்த்தியா என்று நடத்துநரிடம் கேட்பது போலக் கேட்டார். நான் இனிப்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். நெடுநாள் அதையே என் நேர்மைக்குச் சாட்சியாக மனத்துக்குள் வைத்திருந்தேன். பெட்டியைத் திருப்பிய கை இரண்டு நாளில் கையெழுத்துப் போட்டது.

ஏன் என்றால், அந்த ஆண்டு என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். அதே நிர்வாகத்தின் இன்னொரு கல்லூரியில் அவனுக்கு இடம் தேவைப்பட்டது. கிடைத்தது. கட்டட நிதி கேட்கவில்லை.

13 ஜூன்

அந்தப் பெண் என்ன ஆனார் என்று நான்கு பேர் கேட்கிறார்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகப் பின்னர் அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். தேவன் வேறு கதவைத் திறந்தார் என்று ஒருவர் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். கதவைத் திறந்தது போட்டித் தேர்வு. மதச்சார்பற்ற அரசு வைத்த தேர்வில் அவருக்குக் கிடைத்த நீதி, ஜெபத்தோடு தொடங்கிய எங்கள் அறையில் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துவது.

15 ஜூன்

விலை எப்படி வருகிறது என்பதைக் கணக்காசிரியனாகச் சொல்லிவைக்கிறேன். மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது.

எங்கள் காலத்துக்கு முந்தைய தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்ததில்லை. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கிடைப்பது வேறு தொகை. மூட்டா, ஏ.யு.டி. போன்ற ஆசிரியர் சங்கங்கள் சிறை வரைக்கும் போய்ப் போராடின. 1976இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அரசே சம்பளத்தைக் கொடுப்பது, வேலைப் பாதுகாப்பு, ஓய்வூதியம் எல்லாம் இப்படிப் போராடிப் பெற்றவை. அதன் மறுபக்கம் இதுதான்: சம்பளம் அரசுடையது, ஆளைத் தேர்ந்தெடுப்பது நிர்வாகத்துடையது. தன் கையிலிருந்து ஒரு ரூபாய் கூடப் போகாத ஒரு வேலையை, முப்பது ஆண்டுக்கு அரசுச் சம்பளம் தரும் ஒரு வேலையை, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றால் அதற்குச் சந்தை விலை வராமல் இருக்குமா? எங்கள் ஓய்வறையில் அதை ஆண்டுத்தொகையின் இன்றைய மதிப்பு என்று கேலியாகச் சொல்வோம். வட்டிவீதம் குறைந்தால் விலை ஏறும் என்று பாடநூல் சொல்கிறது; ஏறவும் செய்தது. சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் வேலைக்கு யாரும் பணம் கேட்பதில்லை, சம்பளமே அவ்வளவு சொற்பம்; அங்கே விலை மாணவர் இருக்கைக்கு.

இந்த அதிகாரத்தைக் கைப்பற்றும் வழிதான் சபைத் தேர்தல். சில திருமண்டலங்களில், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதிகளில், தேர்தல் நேரத்தில் போய்ப் பாருங்கள். அணிகள், வேன்கள், விடுதி அறைகள், இரவோடிரவாக அணி மாறும் பெருமன்ற உறுப்பினர்கள். சபைக்குள் அரசியல் புகுந்துவிட்டது என்று பிரசங்கத்தில் வருத்தப்படுவார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. ஒரு ஓட்டுக்கு இவ்வளவு என்று எங்கள் ஊர் இளைஞர்கள் முதலில் கற்றுக்கொண்டது உள்ளாட்சித் தேர்தலில் அன்று, சேகரத் தேர்தலில்.

16 ஜூன்

எல்லாத் திருமண்டலங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு எழுதியவர்களுக்காக இந்த வரி. ஆனால் கோபித்துக்கொண்ட மூவரில் இருவர் எந்த அணி என்பது எனக்குத் தெரியும்.

19 ஜூன்

உடன்குடிக் கருப்பட்டியைச் சொன்னதிலிருந்து அந்தப் பெண்ணின் சாதியை ஊகித்து இரண்டு பேர் விவாதம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்துங்கள். சாதியைப் பேச வேண்டுமானால் இதைப் பேசுவோம்.

1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக மாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நிற்க வேண்டும். இந்த அநீதியை எதிர்த்து ஒவ்வோர் ஆண்டும் பேராயர்களும் ஆயர்களும் கறுப்பு நாள் அனுசரிக்கிறார்கள். நானும் கறுப்புப் பட்டை குத்தியிருக்கிறேன்.

இப்போது மறுபக்கம். 2005இல் வந்த 93ஆம் திருத்தம் 15ஆம் பிரிவில் ஐந்தாம் உட்பிரிவைச் சேர்த்தது. தனியார் கல்லூரிகளிலும் மாணவர் சேர்க்கைக்கு இடஒதுக்கீடு கொண்டுவரலாம் என்றது, சிறுபான்மை நிறுவனங்களை மட்டும் விலக்கியது. ஆக, தலித் கிறிஸ்தவ மாணவருக்கு அரசு வாசலில் பட்டியல் சாதி உரிமை இல்லை. தன் சபையின் கல்லூரி வாசலிலோ சட்டப்படியான இடஒதுக்கீடே இல்லை, நிர்வாகத்தின் மனம்தான் உண்டு. இந்தியக் கத்தோலிக்கர் 1 கோடியே 90 லட்சம் பேரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. பேராசிரியர் பட்டியலில் அந்த விகிதத்தைத் தேடிப் பாருங்கள். எங்கள் துறையில் நான் இருந்த 33 ஆண்டுகளில் ஒருவர்.

அந்த ஒருவர் ஓய்வுபெற்ற அன்று பிரியாவிடை உரையில், இந்தக் கல்லூரியில் என்னை யாரும் சாதி சொல்லி அழைத்ததில்லை, ஒருமுறை கூட வீட்டுக்கும் அழைத்ததில்லை என்றார். கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அரங்கம் அரை நிமிடம் உட்கார்ந்திருந்தது.

20 ஜூன்

ஒரு பின்குறிப்பு. கிறிஸ்தவர்கள் இடஒதுக்கீட்டை விட்டுக்கொடுத்தது 1949இல் மட்டும் அன்று. தமிழ்நாடு அரசு 2007இல் கிறிஸ்தவர்களுக்குத் தனியாக 3.5 விழுக்காடு கொடுத்தது. அடுத்த ஆண்டே வேண்டாம் என்று நம்மவர்களே கேட்டுத் திரும்பக் கொடுத்தார்கள். முதல் முறை விட்டது மனச்சாட்சிக்காக. இரண்டாம் முறை விட்டது, பொதுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இதைவிட அதிக இடம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததால். இதில் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே மேடையில் தியாகம் என்று பேசும்போது கணக்காசிரியனுக்குச் சிரிப்பு வருகிறது.

26 ஜூன்

கணக்கில் நேர்மையாக இருந்த கிறிஸ்தவர் ஒருவரையாவது காட்டுங்கள் என்று இழையைத் தொடங்கியவர் கேட்கிறார். காந்தியப் பொருளியல் அறிஞர், தஞ்சாவூர்க்காரர் ஜே. சி. குமரப்பாவைக் காட்டுகிறேன். 1934 ஜனவரியில் பீகார் நிலநடுக்கம். இராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு. கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளுக்கு மூன்றணா என்று வரம்பு வைத்தார். காந்தி தம் பரிவாரத்தோடு வந்தபோது, அந்தக் கூட்டத்தின் பால், பழம், பெட்ரோல் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். தாளாளரின் காருக்கு மாணவர் நல நிதியிலிருந்து டீசல் போட்ட வவுச்சரை நான் பார்த்திருக்கிறேன். அன்று இரவு முழுவதும் இந்த மூன்றணா என் நினைவில் இருந்தது.

கிறிஸ்தவக் கல்வியின் கனி என்றால் இதுதான்.

27 ஜூன்

தவறான தலைப்பில் வரவு வைத்துவிட்டேன். குமரப்பா கணக்குப் படித்தது லண்டனில். வணிக நிர்வாகம் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில். பொது நிதி கொலம்பியாவில். நம்முடைய மிஷன் கல்லூரி எதற்கும் அவரை வரவு வைக்க இயலாது. அவருடைய நம்பிக்கை தாயார் மடியில் வந்தது. 1930இல் சட்டமறுப்பு நடந்தபோது கிறிஸ்தவத் தலைவர்கள் ஒதுங்கி நிற்பதைக் கண்டு, கல்கத்தாப் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட்டோடு கடிதத்தில் சண்டை போட்டவர் அவர். கல்லூரி இல்லாமலும் அறம் வரும், கல்லூரி இருந்தும் வராமல் போகும் என்றால் முதல் நாள் நான் எடுத்த கட்சி எங்கே நிற்கிறது? எனக்கே தடுமாற்றமாக இருக்கிறது.

2 ஜூலை

வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை விட்டுவிட்டீர்களே என்று ஒரு செவிலியர் எழுதியிருக்கிறார். நியாயம். என் தடுமாற்றத்துக்கும் அதில் கொஞ்சம் விடை இருக்கிறது.

அங்கேயும் சபைக் கடிதம் உண்டு. சபைகளும் மிஷன் மருத்துவமனைகளும் பரிந்துரைக்கும் மாணவருக்கு இடம் உண்டு. படித்து முடித்ததும் அவர் இரண்டு ஆண்டு அந்த மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். ஒடிசாவிலோ சத்தீஸ்கரிலோ மயக்க மருந்து கொடுக்க ஆளில்லாத ஓர் ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் அந்தக் கடிதத்தின் விலை. 2017இல் நீட் வந்து, சேர்க்கை முழுவதும் பொதுக் கலந்தாய்வு வழியே நடக்க வேண்டும் என்றானபோது, இந்தத் தேர்வு முறையை இழந்து மாணவரைச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமலே இருக்கலாம் என்று 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் அந்த ஆண்டு ஒரே ஒருவரைத்தான் சேர்த்தார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அவர்கள் நிலை சரியா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு; பொதுத் தேர்வுதான் கருப்பட்டிப் பெண்ணைக் காப்பாற்றியது என்று நானே ஜூன் 13இல் எழுதியிருக்கிறேன். ஆனால் உரிமைக்காக ஓர் ஆண்டுச் சேர்க்கையை இழக்கத் துணிந்த நிர்வாகத்தையும், உரிமையைக் காட்டிக் கட்டட நிதி வாங்கும் நிர்வாகத்தையும் ஒரே பிரிவு 30 பாதுகாக்கிறது.

சகோதரர் கொடுத்த கடிதமும் அதே மாதிரிக் கடிதம்தான். படித்து முடித்தபின் அவர் மகளிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கப் போவதில்லை. கடிதத்துக்கு உரிய கடமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொகையை வைத்துவிட்டோம். வேறுபாடு எங்கே தொலைந்தது என்று கேட்டால் இங்கேதான்.

5 ஜூலை

யாழ்ப்பாணத்து நண்பர் வட்டுக்கோட்டையை நினைவூட்டினார். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரி, 1855இல் மூடப்பட்டது. ஆங்கில உயர்கல்வி கொடுத்தால் பையன்கள் கிராமத்துப் போதகர்களாக வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று பாஸ்டனிலிருந்து வந்த ரூபஸ் ஆண்டர்சன் கண்டதுதான் காரணம். இரண்டு ஆண்டு கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவருமே, சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும், அந்தச் செமினரியின் மாணவர்கள். கல்லூரி எதற்கு என்ற கேள்வி இந்த இழையைவிடப் பழையது. அரசு மானியத்துக்கும் பல்கலைக்கழகத் தேர்வுக்கும் கல்லூரிகள் கட்டுண்டு கிடப்பதைப் பற்றி இந்தியாவின் கிறிஸ்தவ உயர்கல்வியை ஆராய்ந்த லிண்ட்சே குழு 1931இலேயே எச்சரித்தது. எச்சரிக்கைகளைப் பைண்டு செய்து நூலகத்தில் வைப்பதில் நாங்கள் எப்போதுமே கெட்டிக்காரர்கள்.

16 ஜூலை

தனிச்செய்தியில் இழையைத் தொடங்கிய சகோதரர் சொன்னார்: பணம் கட்டிவிட்டாராம். மகளுக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. நீங்கள் என்னைக் கண்டிப்பீர்கள் என்று நினைத்தேன் என்றும் எழுதியிருந்தார். கண்டிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர் ரொக்கமாகக் கொடுத்தார், நான் கையெழுத்தாகக் கொடுத்தேன்.

என் பழைய கல்லூரியின் இப்போதைய தாளாளருக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன். 2006 நேர்காணலில் நான் போட்ட மதிப்பெண் எது, கையெழுத்திட்டது எது என்பதை ஒரு பத்தியில் எழுதியிருக்கிறேன். பிறகு இரண்டே வேண்டுகோள். நேர்காணல் மதிப்பெண்ணைப் பேனாவால் போடச் சொல்லுங்கள். அன்று மாலையே அந்தத் தாள்களின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நற்செய்தி, விழுமியம், இறையாட்சி எதையும் எழுதவில்லை. இவை எல்லாம் அவர்களுடைய ஆண்டறிக்கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

என் மனைவி படித்துவிட்டு, ஓய்வூதியத்தை நிறுத்துவார்களா என்று கேட்டாள். அது அரசு கொடுப்பது, அவர்களால் நிறுத்த முடியாது என்றேன். அப்படியானால் 2006இலும் சம்பளம் அரசுதானே கொடுத்தது என்றாள்.

21 ஆகஸ்ட்

தாளாளர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தங்கள் கடிதம் பெறப்பட்டது, உரிய குழுவின் முன் வைக்கப்படும், தங்கள் ஊழியத்துக்காக ஜெபிக்கிறோம் என்று மூன்று வரி. எந்தக் குழு, எந்தத் தேதி என்பது இல்லை. உறையின் மேல் என் பெயருக்கு முன்னால் அருள்திரு என்று போட்டிருக்கிறார்கள். நான் குருப்பட்டம் பெற்றவன் அல்லன். கடிதத்தின் மேல் மூலையில் கோப்பு எண் போட்டிருக்கிறது, பென்சிலில்.